படைப்பின் கடைசிப் பகுதிக்கு என்ன பெயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் அச்சுக்குப் போகும் நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. நாவல், கவிதைத் தொகுதி, கோயில் ஊஞ்சற் பாட்டு, கூத்துப் பிரதி, இறந்தவர் நினைவாக அச்சிடும் அந்தியேட்டிக் கல்வெட்டு என்று எல்லாம் வரும். கொண்டுவருகிறவர்கள் தொடக்கத்தைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. காப்பு, அணிந்துரை, முன்னுரை, சமர்ப்பணம் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தவை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும்தான் "இதுக்கு என்ன தலைப்புப் போடுறது?" என்று கேட்பார்கள். நாடகமும் அரங்கியலும் படிக்கும் உயர்தர மாணவர்களும் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்.

எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். அந்தக் கடைசிப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். வாழ்த்துகிறதா, பாடியவர் பெயரைப் பதிக்கிறதா, சிக்கலை அவிழ்க்கிறதா, ஆறுதல் சொல்கிறதா? ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச்சொல் இருக்கிறது. இத்தனை சொல் இருக்க, எல்லாவற்றுக்கும் 'முடிவுரை' என்று போடுவதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நாவலின் கடைசியில் 'முடிவுரை' என்று போடலாமா?

வேண்டாம். முடிவுரை கட்டுரைக்கும் ஆய்வேட்டுக்கும் உரியது. சொன்ன நியாயங்களைத் திரட்டி, இதனால் பெறப்படுவது இது என்று சொல்லும் இடம் அது. நாவல் அந்த வேலைக்கு வரவில்லை.

நாவல் முடிந்த பிறகு வரக்கூடியவை இரண்டு. நெடுந்தீவில் நடக்கும் ஒரு கதை, மகள் குறிகட்டுவானுக்குப் படகு ஏறுவதோடு முடிகிறது என்று வையுங்கள். அடுத்த பக்கத்தில் பல வருடம் கழித்து அவள் ரொறன்ரோவிலிருந்து வந்து, பூட்டிக் கிடக்கும் வீட்டு வாசலில் நிற்கிறாள் என்றால் அது பின்கதை. கதைக்குள்ளேதான் இன்னும் இருக்கிறோம். அப்படி இல்லாமல், நூலாசிரியரே வந்து "இந்தக் கதையை நான் ஏன் எழுதினேன்" என்று தன் குரலில் கதைத்தால் அது பின்னுரை. அவர் கதைக்கு வெளியே வந்துவிட்டார். இந்த இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் கலந்து எழுதிக் கொண்டுவருகிறார்கள். பிரித்துவிடுங்கள். கண் கலங்கி நிற்கும் வாசகருக்கு அடுத்த வரியிலேயே அச்சகத்தாருக்கு நன்றி சொல்வது நன்றாயிராது.

பின்கதை வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். படகு ஏறுவதே போதும் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

'புறவுரை' என்றால் பின்னுரைதானே?

இல்லை. 'புறம்' என்பதைப் பார்த்துப் பலரும் அப்படி நினைக்கிறார்கள். நன்னூல் தன் முதற் சூத்திரத்திலேயே முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை, பாயிரம் என்று எட்டுச் சொற்களை அடுக்குகிறது. எட்டும் நூலின் முன்னால் நிற்பவற்றுக்கு உரியவை. புறவுரை என்பது நூலின் உள்ளே உள்ள பொருளல்லாமல் அதற்குப் புறமானவற்றைச் சொல்வது. பின்னால் வைக்கும் உரைக்கு அந்தப் பெயரைப் போட்டால் இலக்கணம் படித்த வாசகர் குழம்பிப்போவார்.

முன்னால் நிற்பவற்றுக்கு எட்டுப் பெயர் என்றால் பின்னால் நிற்பவை எங்கே என்று கேட்பீர்கள். அவை இலக்கண நூலில் ஒரே இடத்தில் பட்டியலாக இல்லை. ஒவ்வொரு கலையிலும் ஒவ்வொரு பாவிலும் சிதறிக் கிடக்கின்றன. சிலப்பதிகாரத்தில் மூன்று காண்டங்களின் கடைசியிலும் 'கட்டுரை' என்று ஒரு பகுதி வரும். முழு நூலின் கடைசியில் 'நூற்கட்டுரை' நிற்கும். இன்று பள்ளிக்கூடத்தில் எழுதும் கட்டுரை வேறு. பதிற்றுப்பத்தில் 'பதிகம்' ஒவ்வொரு பத்தின் முடிவிலும் வந்து, பாடியவர் யார், பாடப்பட்ட அரசன் யார், கொடுத்த பரிசில் என்ன என்று சொல்லும். நன்னூலில் முன்னால் நிற்கும் சொல் இங்கே பின்னால் நிற்கிறது. ஆகவே பழைய நூலொன்றைப் பதிப்பிக்கிறவர்கள் தலைப்பை மட்டும் பார்த்து இடம் மாற்றிவிட வேண்டாம்.

பின்னிணைப்பு, அனுபந்தம், பின்னட்டைக் குறிப்பு?

முதல் இரண்டும் ஒன்றுதான்: அட்டவணை, கடிதப் பிரதி, படங்கள் போன்றவை. பின்னட்டைக் குறிப்பு நூலின் பகுதியே அல்ல, வாசகரை வாங்க அழைக்கும் வாசகம்.

கிளைமாக்ஸும் முடிவும் ஒன்றா? பரீட்சையில் எதை எழுதுவது?

ஒன்றல்ல. உச்சக்கட்டம் முடிவுக்குச் சற்று முன்னால் நிற்கும். அதற்குப் பிறகு வருவதற்கும் நம்மிடம் அழகான பெயர் உண்டு.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நாடகக் கதை வளரும் கட்டங்களான ஐந்து சந்திகளைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். ஐந்தையும் வயலில் வைத்தே விளக்குகிறார். உழுது பண்படுத்திய நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து கருக்கொண்டு நிற்பது கருப்பம். நம்முடைய கமக்காரர் குடலைப் பருவம் என்பார்களே, அதுதான். கதிர் விரிந்து, தாழ்ந்து, முற்றுவது விளைவு. அறுத்துப் போரிட்டு, சூடு மிதித்து, தூற்றி, பொலி கூட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

கதிர் முற்றியதோடு அவர் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். சாப்பிட்டு மகிழ்வதையும் நாடகத்தின் ஒரு பகுதியாகவே எண்ணியிருக்கிறார். விளைவு வேறு, துய்த்தல் வேறு. உச்சத்தோடு திரையை இழுத்து மூடிவிடும் நாடகங்களைப் பார்க்கும்போது, விளைந்த நெல்லை வயலில் விட்டுவிட்டு வந்ததுபோல எனக்குத் தோன்றும்.

சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் இந்தச் சந்திகளைக் கொண்டு சேக்சுபியரின் நாடகங்களையே ஆராய்ந்தார். ஆகவே இவை பழைய உரைக்குள் உறைந்துபோன சொற்கள் அல்ல. பரீட்சையில் தயங்காமல் எழுதுங்கள். 'உச்சக்கட்டம்', 'சிக்கல் அவிழ்தல்' என்று எழுதுவதும் சரியே.

'மயான காண்டம்' முழு நாடகமா, ஒரு நாடகத்தின் கடைசிப் பகுதியா?

அரிச்சந்திரன் கதையின் கடைசிப் பகுதி. யாழ்ப்பாணத்தில் அது தனி நாடகமாகவே நிலைத்துவிட்டது. இசை நாடகம் என்றதும் நடிகமணி வி. வி. வைரமுத்துவும் அவருடைய வசந்த கான சபாவும் மயான காண்டமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். முன்கதை எல்லோருக்கும் தெரியும். சத்தியத்துக்காக நாட்டை இழந்தவன், பெண்டாட்டி பிள்ளையை விற்றவன் சுடலை காக்கிறான் என்ற இடத்திலிருந்து தொடங்கினாலே போதும், சனம் அழத் தொடங்கிவிடும்.

கேட்கும் மாணவர்களுக்கு நான் இதையே உதாரணமாகக் காட்டுவேன். பாம்பு கடித்துச் செத்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி தூக்கிக்கொண்டு வருகிறாள். காவற்காரன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். இல்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொண்டுவா என்கிறான். கணவனைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் தெரியாத தாலி அது. அந்த ஒரு சொல்லில் இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். இது அறிதல், இன்னும் உச்சம் அல்ல. பிறகு கொலைப்பழி சுமந்து அவளே அவன் முன் வந்து நிற்க, அவளை வெட்ட அவன் வாளை ஓங்குகிறானே, அந்த இடம்தான் உச்சம். வாள் மாலையாவதும், தெய்வங்கள் தோன்றுவதும், பிள்ளை எழும்புவதும், நாடு திரும்பக் கிடைப்பதும் துய்த்தல். மூன்றும் அடுத்தடுத்து வருவதால் மாணவர்கள் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். வாள் எப்போது ஓங்கப்படுகிறது என்று பார்த்தால் குழப்பம் வராது.

கூத்தும் கச்சேரியும் ஏன் 'மங்களம்' என்று முடிகின்றன?

நிகழ்த்துகிறவரும் பார்க்கிறவரும் நல்லபடியாக வீடு போய்ச் சேரட்டும் என்ற வாழ்த்துதான். அரங்கில் சாவும் கொலையும் சாபமும் நடந்திருக்கலாம். காத்தவராயன் கூத்தில் கழுமரம் ஏறும் காட்சிவரை விடிய விடியப் பார்த்திருப்போம். அதை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போகக் கூடாது என்று முன்னோர் நினைத்தார்கள். நாவாந்துறை, குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துகளில் வேதசாட்சியின் (சமயத்துக்காக உயிர்விட்டவரின்) மரணத்துக்குப் பிறகும் மங்களம் உண்டு. சமயம் மாறியும் இந்த வழக்கம் மாறவில்லை.

கச்சேரியில் சௌராஷ்டிர ராகத்தில் 'பவமான' என்று தொடங்கும் தியாகராஜர் பாடலை எடுத்ததும் இனி வேறு பாட்டு இல்லை என்று சபைக்கு விளங்கிவிடும். பரதநாட்டியத்தில் தில்லானாவுக்குப் பிறகு மங்களம். தில்லானா உற்சாகமாக முடிவதால் அதுவே கடைசி என்று நினைத்து எழும்புகிறவர்கள் உண்டு. இருங்கள், மங்களம் ஆடும்வரைக்கும் இருங்கள்.

வாழி, வாழ்த்து, மங்களம் மூன்றும் ஒன்றா?

நெருங்கிய உறவுக்காரர். ஆனால் இடம் வேறு. வாழ்த்து பொதுச்சொல். நம்முடைய கோயில்களில் பஞ்சபுராணம் ஓதிய பிறகு, கந்தபுராணத்தில் வரும் 'வான்முகில் வழாது பெய்க' பாடுகிறோமே, அது வாழ்த்து. மழை, விளைச்சல், அரசு, அறம், உயிர்கள் என்று உலகம் முழுவதற்கும் நன்மை கேட்கிறது. தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை என்பதே அதில் எனக்கு மிகவும் பிடித்தது.

வாழி என்பது யார் யார் வாழ வேண்டும் என்று பெயர் சொல்லி அடுக்கும் பாட்டு. ஊஞ்சற் பாட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் சின்னக் கோயிலுக்கும் தனக்கென்று ஒரு திருவூஞ்சல் இருக்கும். காப்பில் தொடங்கி, 'ஆடீரூஞ்சல்' என்று செய்யுள்கள் ஆடி, வாழியில் வந்து நிற்கும். பிறகு எச்சரிக்கை, பராக்கு, லாலி, மங்களம் என்ற பாட்டுகள். இந்த வரிசையைக் கலைத்து அச்சிடக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன். பாடுகிறவர்கள் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். மங்களம் பாடிய பிறகு லாலி வந்தால் சுவாமியை மறுபடி ஊஞ்சலில் ஏற்றவேண்டி வரும்.

பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவர் பெயர் வருகிறதே, அதற்கு என்ன சொல்?

கடைக்காப்பு. முன்னால் காப்பு, கடைசியில் கடைக்காப்பு. திருஞானசம்பந்தர் பதிகங்களில் இது சிறந்து நிற்பதால் அவருடைய தேவாரத்துக்கே திருக்கடைக்காப்பு என்று பெயர். நம்முடைய திருக்கோணமலைப் பதிகத்தை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பாட்டில் கோணமாமலை என்று ஊர் வருகிறது, காழியர் பெருமான் ஞானசம்பந்தன் என்று தன் பெயர் வருகிறது, இது 'மாலை ஈரைந்தும்' என்று பாட்டுக் கணக்கு வருகிறது, பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் என்ன கிடைக்கும் என்று பயன் வருகிறது. நாலே அடிக்குள் இத்தனையும்! ஏட்டைப் பிரதிசெய்கிறவர் கையில் பாட்டு ஒன்று தவறினாலும் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

கீர்த்தனையின் சரணத்தில் பாடியவர் பெயரோ அடையாளமோ வந்தால் அது முத்திரை. திருப்புகழில் அருணகிரிநாதர் தன் பெயரை வைக்காமல் ஊரை வைத்துப் 'பெருமாளே' என்று முடிப்பார். யாழ்ப்பாணாயன்பட்டினம் என்ற பெயர் வரும் திருப்புகழ் ஒன்று உண்டு. எந்த ஊர்ப் பாட்டு என்று கடைசி அடியே சொல்லிவிடுகிறது.

அந்தாதி எழுதுகிறேன். கடைசிப் பாட்டை எப்படி முடிப்பது?

முதற்பாட்டின் முதற்சொல்லில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். மண்டலித்தல் என்பார்கள். அபிராமி அந்தாதி 'உதிக்கின்ற' என்று எழுந்து, நூறாம் பாட்டில் 'உதிக்கின்றவே' என்று வந்து சேரும். அதற்கும் அப்பால் 'ஆத்தாளை' என்று தொடங்கும் பாட்டு நூற்பயன். அது மாலைக்குள் சேராது. நூற்பயனையும் அந்தாதித் தொடையில் கோக்கச் சிரமப்படுகிறார்கள், அது தேவையில்லை.

சுரிதகம் என்பது?

கலிப்பாவின் கடைசி உறுப்பு. தரவு, தாழிசை, தனிச்சொல் என்று விரிந்துவந்த பொருளை அடக்கி நிறுத்துவது. அடக்கியல், வாரம், வைப்பு, போக்கியல் என்றும் பெயர்கள். படித்துப் பார்க்கக் கலித்தொகைதான் இடம். அதை 1887இல் முதன்முதல் அச்சேற்றியவர் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை.

வெண்பாவின் ஈற்றடி ஏன் குறைந்து நிற்கிறது?

நாலு சீர் நாலு சீராக வந்து, கடைசி அடி மூன்று சீரில் நிற்கும். அதன் ஈற்றுச் சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளுக்குள் அடங்க வேண்டும். காது இன்னொரு சீரை எதிர்பார்க்கும்போது பாட்டு நின்றுவிடுகிறது. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வது பழைய புலவர்களின் பயிற்சி. முடிவு கையில் இருந்தால் முன்னுள்ள அடிகள் எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

ஈற்றடியின் வலிமையை இன்னொரு விதமாகப் பார்க்க விரும்பினால் அளவெட்டியின் மஹாகவி எழுதிய 'குறும்பா'வை வாசியுங்கள். 1966இல் நூலாக வந்தது. ஐந்தே அடி. நாலாம் அடிவரை சும்மா கதை சொல்வதுபோல் வந்து, ஐந்தாம் அடியில் போட்டு உடைப்பார். வாய்விட்டுச் சிரிப்போம், அடுத்த கணம் சமூகத்தின் ஏதோ ஒரு கொடுமை நெஞ்சில் குத்தும்.

'முத்தாய்ப்பு', 'தீர்மானம்' இரண்டையும் எழுத்தில் பயன்படுத்தலாமா?

இரண்டும் இசையிலும் தாளத்திலும் முடிப்பைக் குறிப்பவை. கோயில் திருவிழாவில் தவிற் சமா கேட்டவர்களுக்கு விளங்கச் சொல்லத் தேவையில்லை. தனி வாசித்து, கோர்வை கட்டி, தீர்மானத்தை மும்முறை அடுக்கி எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், கொண்டுவந்து விழுத்தும்போது சனம் தன்னை அறியாமல் கை தட்டும். முத்தாய்ப்பு எழுத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டது. 'பேச்சுக்கு முத்தாய்ப்பாக ஒரு குறள் சொன்னார்' என்று எழுதலாம். தீர்மானம் எழுத்தில் வேறு பொருள் எடுத்துவிட்டது. அதைத் தாளத்துக்கே விட்டுவிடுவது நல்லது.

அந்தியேட்டிக் கல்வெட்டின் கடைசியில் என்ன வர வேண்டும்?

மிகுந்த கவனத்தோடு பதில் சொல்லும் கேள்வி இது. வெளியூர் வாசகருக்காக: இறந்தவரின் வரலாற்றைச் செய்யுளில் பாடி, முப்பத்தோராம் நாள் கிரியையில் கொடுக்கும் சிறு நூலை நாங்கள் கல்வெட்டு என்கிறோம். திதி வெண்பா, வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று போகும். அங்கே நிறுத்திவிடக் கூடாது. தேற்றம் பாட வேண்டும். அழுதவர்கள் எல்லோரையும் ஆற்றும் பாட்டு அது. இப்போது செலவைக் குறைக்கவும் பக்கத்தைக் குறைக்கவும் தேற்றத்தை விட்டுவிட்டு, புலம்பலுக்கு அடுத்த பக்கத்திலேயே நன்றி நவிலல் போடுகிறார்கள். புலம்பலில் இரண்டு செய்யுளைக் குறைத்தாவது தேற்றத்தை வையுங்கள். வீட்டில் ஒரு வயோதிபத் தாய் பிறகு பலநாள் கழித்துத் தனியே இருந்து அந்தப் புத்தகத்தைத் திறப்பார். அவருக்குப் புலம்பலைவிடத் தேற்றம்தான் வேண்டும்.

கடைசி வரியாக 'ஓம் சாந்தி' போடுவது வழக்கம். 'சுபம்' போடக் கூடாது. அது கலியாணத்துக்கும் நல்லபடி முடியும் கதைக்கும் உரியது.

'முற்றும்', 'முற்றிற்று' எது சரி?

இரண்டும் சரி. புராணம், இலக்கணம் போன்ற நூல்களில் படலமோ இயலோ முடியும்போது 'முற்றிற்று' என்பது மரபு. அதன் கீழேயே 'ஆகத் திருவிருத்தம்' என்று செய்யுட்டொகையும் வரும். கதைக்கும் தொடர்கதைக்கும் 'முற்றும்' பழகிவிட்டது. சிறுகதைக்கு இரண்டுமே வேண்டியதில்லை. இடம் விட்டால் போதும், வாசகருக்குத் தெரியும்.

என் சிறுகதை முடிந்த மாதிரி இல்லை என்கிறார்கள். ஒரு பந்தி சேர்க்கட்டுமா?

முதலில் கடைசிப் பந்தியை விரலால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு முந்திய பந்தியிலேயே கதை முடிந்திருக்கும். கடைசிப் பந்தி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும், அதனால்தான் முடியாததுபோல் தெரிகிறது. மறைத்த பிறகும் குறை தெரிந்தால், அப்போது சேர்க்கலாம். ஆனால் 'திறந்த முடிவு' என்று சொல்லிக்கொண்டு, எழுதத் தெரியாமல் விட்ட இடத்தை நியாயப்படுத்த வேண்டாம். திறந்த முடிவிலும் எழுதியவருக்கு அந்த மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நூல் வெளியீட்டு அழைப்பிதழில் ஏற்புரை, நிறைவுரை, நன்றியுரை மூன்றும் போடலாமா?

ஏற்புரை நூலாசிரியருடையது. வெளியீட்டுரைக்கும் நயப்புரைக்கும் பிறகு வரும். நன்றியுரை ஏற்பாட்டாளர் ஒருவருடையது, அதுவே கடைசி. நிறைவுரை பலநாள் கருத்தரங்குக்குப் பொருந்தும். ஒரு மாலை நேர வெளியீட்டுக்கு அது மேலதிகம். நூலாசிரியர் ஏற்புரையில் எல்லோருக்கும் நன்றி சொல்லத் தொடங்கினால் நன்றியுரைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே யார் யார் பெயரை யார் சொல்வது என்று இருவரும் முதல்நாளே கதைத்து வைத்துக்கொள்ளுங்கள்.